தூக்குவாளியில் அளந்த மழை

அக்டோபர் 3, காலை பத்தரை மணி

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதப்போய், எல்லாரும் என்றால் யார் யார் என்று எண்ணிப் பார்த்தேன். நானும் உன் அம்மாவும்தான். அவளுக்கு இடது முழங்கால் படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது, இறங்கும்போது இல்லையாம், எனக்குச் சர்க்கரை போன தடவையைவிட ஒன்பது புள்ளி குறைவு, ஆகவே முக்கால் பங்கு நலம் என்று வைத்துக்கொள். அங்கே நீ, மாப்பிள்ளை, பேரன் மூவரும் முழுப் பங்கும் நலமாக இருக்க வேண்டும். பேரனுக்குப் பல்லில் கம்பி போட்டாகிவிட்டதா, முதல் வாரம் வாய்ப்புண் வரும், பயப்படாதே, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல். குளியலறைக் குழாய் சொட்டுவது இன்னும் நிற்கவில்லை. குழாய்க்காரர் மூன்று முறை வந்தார், மூன்று முறையும் வாஷர்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கீழே ஒரு குவளை வைத்து, மணிக்கு நூற்று நாற்பது மில்லி சொட்டுகிறது என்று கணக்கிட்டுச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உன் அம்மாவிடம், "சாருக்கு வீட்ல வேலை ஒண்ணும் குடுக்கறதில்லையாம்மா?" என்று கேட்டார். அவளும் சிரித்தாள். சிரிக்கட்டும், அளவு அளவுதான்.

ஞாயிறு தோறும் தொலைபேசியில் பேசுகிற மகளுக்கு இப்போது கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். தொலைபேசியில் எனக்குப் பேச வராது, "சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ" என்பதற்குமேல் நான் பேசியதாக நினைவில்லை. எழுதினால் அடித்துத் திருத்தலாம். இதை இதற்குமுன் இரண்டு முறை எழுதிக் கிழித்தேன், மூன்றாவது இது. செய்தி உன்னைப் பற்றியது, உன் பிறந்த நாளைப் பற்றியது, ஆனால் உன் தவறு இதில் எள்ளளவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை அதை மறக்காமல் படி.

நம் நகர நூலகத்தின் வாசலில் ஒரு பலகை இருக்கிறதல்லவா, அதில் இந்த ஆண்டிலிருந்து தினம் ஒரு சீட்டு ஒட்டுகிறார்கள். இதே தேதியில் நம் நகரத்தில் முன்பு என்ன நடந்தது என்று ஏழெட்டு வரி. முதல் தெருவிளக்கு எரிந்த நாள், பழைய சந்தை இடிந்த நாள், முதல் பெண் பேருந்து நடத்துநர் வேலைக்கு வந்த நாள், இப்படி. புது நூலகர் பெண்ணின் யோசனை, முப்பது வயதுகூட இருக்காது, கால் தரையில் பாவாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஓய்வுபெற்றவர்கள் பன்னிரண்டு பேரைப் பிடித்து ஆளுக்கு ஒரு மாதம் என்று பிரித்துக் கொடுத்தது. எனக்கு அக்டோபர் விழுந்தது. சீட்டை மடித்துப் போட்டுத்தான் எடுத்தோம், நான் அதைப் பிரித்துப் பார்த்ததும் மறுபடி மடித்துவிட்டேன். அந்தப் பெண்ணோ கைதட்டிக்கொண்டு, "சார், அடிச்சீங்க ஜாக்பாட்! வெயில் வெள்ளம் உங்க மாசத்துலதான் வருது. சூப்பரா எழுதுங்க, அன்னிக்குக் கூட்டம் அலைமோதும்" என்றது. முப்பது நாள் சீட்டுகளை ஆகஸ்டிலேயே எழுதி முடித்துவிட்டேன். பதினேழாம் தேதி மட்டும் பாக்கி நின்றது.

வெயில் வெள்ளம் உனக்குத் தெரியாததா. உன் பிறந்த நாளன்று பள்ளியில் யாராவது ஒருத்தி அதைச் சொல்லிக் கேலி செய்யாமல் இருந்ததில்லை. நீ பிறந்த அன்று மாலை நகரத்தில் சுள்ளென்று வெயில், ஒரு மேகம் இல்லை, அப்போது மேல் ஏரியின் மதகு திறந்து கீழ்த்தெருவில் இடுப்பளவு தண்ணீர் வந்தது. சாயப்பட்டறைத் தொட்டிகள் கவிழ்ந்து தெருவில் தண்ணீர் நீலமும் சிவப்புமாக ஓடிற்று. நாற்பத்தொரு வீடுகளுக்குள் புகுந்தது, ஆள் சேதம் இல்லை. மதகுக் காவலர் மதி கெட்டுப்போய், மழையே இல்லாத நாளில் மேலிடத்து உத்தரவும் இல்லாமல் மதகைத் திறந்துவிட்டார் என்று விசாரணையில் தீர்ப்பாகி அவர் வேலை போயிற்று. அதிலிருந்து நம் ஊரில் யாராவது ஏறுக்குமாறாக ஒன்று செய்தால் "மதகு புத்தி" என்கிறார்கள். நீகூட ஒருமுறை தம்பி பாலில் உப்பைப் போட்டபோது அவனை அப்படிச் சொன்னாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை.

நான் அப்போது மேல் ஏரி அலுவலகத்தில் மழைமானி எழுத்தர், வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் இருந்தது. அலுவலகம் என்றால் ஓர் அறை. அதில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, பதிவேடுகள், மழையை அளக்கிற கண்ணாடிக் குவளை. வெளியே கம்பிவேலிக்குள் மழைமானி. அதற்குள் ஒரு புட்டி இருக்கும், பெய்கிற மழை அதில் சேரும், தினம் காலை எட்டரைக்கு எடுத்துக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து எழுத வேண்டும். நேற்று எட்டரையிலிருந்து இன்று எட்டரைவரை பெய்தது இன்றைய தேதியில் ஏறும், இது விதி. கனமழை என்றால் நடுவிலும் அளந்து தொலைபேசியில் நகரத்துக்குச் சொல்லி, மதகுக்கு உத்தரவு வாங்க வேண்டும், இதுவும் விதி. அலுவலகத்துக்கு இருநூறு அடி தள்ளி, ஏரிக்கரை முனையில், மதகுக் காவலரின் வீடு. என்னைவிட இருபது வயது மூத்தவர். விதியெல்லாம் அவருக்குத் தெரியாது, தண்ணீரைத் தெரியும்.

பதினேழாம் தேதி காலை எட்டரைக்குப் புட்டி காலி. சுழியம் என்று எழுதினேன். பத்தரை மணிக்கு உன் தாய்மாமன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, உன் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தாகிவிட்டது என்றான். விடுப்பு எழுதிக் கொடுக்க அங்கே யாரும் இல்லை, எழுதிக் கொடுக்காமல் போகவும் பயம். வேலிக்கும் வாசலுக்குமாக நான் நடந்துகொண்டிருந்ததை மதகுக் காவலர் பார்த்தார். "என்ன தம்பி, கோழி மாதிரி சுத்திட்டு இருக்க? பொண்டாட்டிக்கு வலி எடுத்திருக்கு, நீ இங்க மழைமானிக்குக் காவலா? அது எங்கயும் ஓடிப் போயிடாது. நான் பார்த்துக்கறேன், கெளம்பு" என்றார். கிளம்பினேன். வெளியே போகும்போது அலுவலகத்தைப் பூட்ட வேண்டும் என்பது விதி, ஆகவே பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தொலைபேசி உள்ளே, கண்ணாடிக் குவளை உள்ளே. இதை நான் அப்போது யோசிக்கவே இல்லை. இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மேல் ஏரி இருக்கிற மலையில் ஒரு மணிக்குப் பிடித்ததாம் மழை. நகரத்தில் அதன் வாசனைகூட இல்லை. நீ மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் பிறந்தாய், நான் உன்னைக் கையில் வாங்கியபோது ஜன்னல் வழியாக வெயில் உன் முகத்தில் விழுந்தது, நர்ஸ் அம்மா திரையை இழுத்துவிட்டு, "பொண்ணு கறுத்துப் போயிடும்னு அப்பாவுக்கு இப்பவே கவலையைப் பாரு" என்று சிரித்தார். அந்த நேரத்தில் அங்கே மேலே அவர் வேலியைத் தாண்டிப் போய் மழைமானியைத் திறந்து பார்த்திருக்கிறார். புட்டி கழுத்துவரை வந்துவிட்டது. நூறு மில்லிமீட்டருக்குமேல் அது கொள்ளாது, நிரம்பி வழிந்தால் வழிந்த மழைக்குக் கணக்கே கிடையாது என்று நான்தான் எப்போதோ பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லியிருந்தேன். அளக்கக் குவளை இல்லை. வீட்டுக்கு ஓடி, பால் வாங்குகிற அலுமினியத் தூக்குவாளியை எடுத்து வந்து, புட்டித் தண்ணீரை அதில் ஊற்றி மூடி போட்டு வைத்துவிட்டு, காலிப் புட்டியை மறுபடி மழைமானிக்குள் வைத்திருக்கிறார். ஆலையின் மூன்று மணிச் சங்கு அப்போதுதான் ஊதியதாம். அந்த அளவு மழைக்கு ஏரி என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். உத்தரவு கேட்கத் தொலைபேசி பூட்டின அறையில். மூன்றரைக்கு மதகைத் திறந்தார்.

மறுநாள் காலை நான் போனபோது அவர் வாசலில் அந்தத் தூக்குவாளியோடு நின்றார். முதல் கேள்வி, "பையனா, பொண்ணா?" பெண் என்றேன். "லட்சுமி வந்திருக்கா" என்று சொல்லிவிட்டு, "இந்தா, இதையும் சேர்த்துக்க. மூணு மணி வரைக்கும் பேஞ்சது இது. மிச்சம் புட்டியில இருக்கு" என்று கொடுத்தார். தூக்குவாளியில் தொண்ணூற்று நான்கு, புட்டியில் எண்பத்தெட்டு. இரண்டையும் என் சட்டைப்பை நாட்குறிப்பில் தனித்தனியாகக் குறித்துக்கொண்டேன், பதிவேட்டில் பதினெட்டாம் தேதிக்கு நேராக நூற்று எண்பத்திரண்டு என்று எழுதினேன். விதிப்படி சரி. ஆனால் பதிவேட்டில் கடைசிப் பத்தி ஒன்று உண்டு, குறிப்புரை என்று பெயர். இதில் தொண்ணூற்று நான்கு முந்தின நாள் மூன்று மணிக்குள் பெய்தது, பிடித்து வைத்தவர் மதகுக் காவலர் என்று அங்கே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுத்தேன். அப்படி எழுதினால், எழுத்தர் எங்கே போனார் என்று அடுத்த கேள்வி வரும். மை காயும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மூடி வைத்தேன். பத்தி காலியாக நின்றது.

விசாரணைக்கு வேறு துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மோசமான மனிதர் இல்லை, அவசரக்காரர். பதிவேட்டைத் திருப்பி, பதினேழு சுழியம், பதினெட்டு நூற்று எண்பத்திரண்டு, ஆக மழை மறுநாள்தான் என்று எடுத்துக்கொண்டார். மதகுக் காவலரிடம், மழை பெய்ததற்கு உன்னிடம் என்ன சாட்சி என்றார். அவர் தூக்குவாளியில் பிடித்து வைத்ததைச் சொன்னார். அறையில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள், "மழையைப் பால்காரன்கிட்ட வாங்கினியா?" என்று ஒருவர் கேட்டார். ஏன் தொலைபேசியில் சொல்லவில்லை என்றார் அதிகாரி. "நேரமில்லீங்க" என்றார். எழுத்தர் எங்கே என்றார். "அவரு வேற வேலையா இருந்தாருங்க" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பிறகு அதிகாரி என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். இந்தப் பதிவேடு சரியா? சரிதான் ஐயா என்றேன். மழையைத் தூக்குவாளியில் பிடித்து அளக்க விதி இருக்கிறதா? இல்லை ஐயா என்றேன். இரண்டும் சரியான விடைகள், பரீட்சை என்றால் முழு மதிப்பெண். அன்று நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று பல வருடம் என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன், கேட்காததை விழுங்கிவிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று. அந்த வித்தியாசத்தில் ஒரு மனிதர் மூழ்கிப்போனார்.

அவருக்கு ஊரில் தூக்குவாளி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதன்பின் அவர் ஒரு சைக்கிள் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். நான் தெரியாமல் ஒருநாள் அங்கே சைக்கிளை விட்டேன். சீட்டை என் கையில் வைத்துவிட்டு, "பாப்பா நடக்குதா?" என்றார். நடக்கிறாள் என்றேன். "பல்லு?" நாலு என்றேன். "சரி, போய்ட்டு வா" என்றார். திட்டியிருந்தால் அடுத்த நாளும் அங்கேயே விட்டிருப்பேன். அதற்கப்புறம் நான் சைக்கிளை ரயிலடியில் விட்டுவிட்டு அரை மைல் நடந்தேன். அவர் சில வருடத்தில் காலமானார். நான் கண்காணிப்பாளர் ஆன பிறகு, பழைய நீர்மட்டக் கணக்குகளை எடுத்து மூன்று முறை போட்டுப் பார்த்தேன். என் கணக்கில் தப்பு இருக்கலாம், ஆனால் மூன்று முறையும் ஒரே விடைதான் வந்தது. மூன்றரைக்கு மதகைத் திறக்காவிட்டால் ஆறு மணிக்குள் தண்ணீர் கரையின் தலைக்கு வந்திருக்கும். கரை மண்கரை. அதற்குக் கீழே மருத்துவமனை. அதில் நீயும் உன் அம்மாவும்.

இப்போது இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்கப் போகிற ரத்தப் பரிசோதனைக் கூடத்து அம்மாவை உனக்குத் தெரியும், போன வருடம் நீ வந்திருந்தபோது உனக்கும் அவர்தான் ரத்தம் எடுத்தார், ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிட்டார் என்று நீ மெச்சிக்கொண்டாய். அவர் அந்த மதகுக் காவலரின் மகள். கூடத்துச் சுவரில் காக்கிச் சட்டையோடு அவர் அப்பாவின் படம் இருக்கிறது. பதினோரு வருடமாகப் போகிறேன், எப்போதும் அந்தப் படத்துக்கு முதுகு காட்டுகிற நாற்காலியில்தான் உட்காருவேன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. வேறு கூடத்துக்குப் போயிருக்கலாம், பக்கத்துத் தெருவிலேயே ஒன்று இருக்கிறது. ஏன் போகவில்லை என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

செப்டம்பர் முழுவதும் பதினேழாம் தேதிச் சீட்டை எழுதினேன். முதலில் எழுதியதில் ஊர் சொல்கிற கதையே இருந்தது. இரண்டாவதில் "மழை குறித்து மாறுபட்ட கருத்துகள் உண்டு" என்று இருந்தது, படித்துப் பார்த்தபோது எனக்கே கூசியது. கடைசியில் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நாற்பத்தாறு வருடத்தில் முதல் முறையாக. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. "தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "புள்ளை பொறந்த மறுநாள் ஒரு தூக்குவாளியோட வந்தீங்க. அது நம்ம வீட்டுது இல்ல. ஒரு பாத்திரம் எந்த வீட்டுதுன்னு எனக்குத் தெரியாதா? அப்புறம் ஊரே தூக்குவாளி தூக்குவாளின்னு பேசுச்சு. நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். நீங்க செடிக்குத் தண்ணி ஊத்தினீங்க" என்றாள். ஆமாம், அதுதான் அந்தத் தூக்குவாளி. மூடியில் நசுங்கல் உள்ளது, நீ சின்ன வயதில் அதில்தான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாய், பிடியில் பச்சைத் துணி சுற்றித் தந்தேனே, அது. அளந்த அன்று திருப்பிக் கொடுக்க மறந்தேன், விசாரணைக்குப் பிறகு திருப்பிக் கொடுக்க முகம் இல்லை.

போன திங்கட்கிழமை வெறும் வயிற்றில் பரிசோதனைக்குப் போனேன், சட்டைப் பையில் மூன்றாவது சீட்டு. அந்த அம்மா என் கையில் ரப்பரைக் கட்டியதும், ஓடிப்போக முடியாத நேரம் பார்த்து, உங்கள் அப்பாவோடு மேல் ஏரியில் வேலை பார்த்த எழுத்தர் நான்தான் என்றேன். அவர் கை நின்றது. பிறகு, "முஷ்டியை மூடுங்க" என்றார். ரத்தம் எடுத்தார், ஒரே குத்துதான், பஞ்சை வைத்து, "மடக்கிப் பிடிங்க" என்றார். அதன்பின் சீட்டை வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். நான் அழுகையையோ திட்டையோ எதிர்பார்த்துப் பஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தேன். அவர் கேட்டது, "அந்தத் தூக்குவாளி எங்க?" என்று. எங்கள் வீட்டில் இருக்கிறது என்றேன். "எங்கம்மா சாகற வரைக்கும் அதைக் கேட்டுச்சு. ஆபீஸ்ல இருக்குன்னே அப்பா சொல்லிட்டு இருந்தாரு. போய் வாங்கிட்டு வந்தா என்னன்னு தினம் சண்டை. வேலை போன எடத்துக்குப் போக அவருக்குக் கூச்சம்னு நாங்க நெனச்சோம். உங்களைக் கேட்கக் கூச்சப்பட்டிருக்காரு" என்றார். பிறகு சீட்டைக் காட்டி, "எழுத்தர் விடுப்பில் இருந்தார்னு போட்டிருக்கீங்க. லீவா?" என்றார். இல்லை என்றேன். "பின்ன?" மகள் பிறந்தாள் என்றேன். "ஸ்கூல்ல என்னைத் தூக்குவாளி பொண்ணுன்னு கூப்பிட்டாங்க சார், பதினோரு வயசுல. உங்க மக என்ன பண்ணிட்டு இருந்தா அப்ப?" என்று கேட்டார். நடந்துகொண்டிருந்தாள் என்று சொல்ல வந்தது, சொல்லவில்லை. "முதல்ல வாளியைக் கொண்டாங்க. சீட்டு அப்புறம்" என்றார். என் பின்னால் வரிசையில் இருந்தவர், "என்னம்மா, ரத்தத்தை வாளியிலயா எடுக்கப் போறே?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாளே கொண்டுபோனேன். உன் அம்மா புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கித் தந்தாள், பச்சைத் துணியை மட்டும் எடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அந்த அம்மா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார், நசுங்கலைத் தடவினார், "இது நான் போட்டது, அடி வாங்கினேன்" என்றார். பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. குழாயடியில் தூக்குவாளியை நிரப்பி, கூடத்தில் இருக்கிற அளவுக் குவளையில் ஊற்றி ஊற்றி அளந்தார். இரண்டாயிரத்து நாற்பது மில்லி கொள்கிறது. ஒரு மில்லிமீட்டர் மழைக்கு எவ்வளவு என்றார். அந்த மழைமானிக்கு இருபது மில்லி என்றேன். தொண்ணூற்று நான்கை இருபதால் பெருக்கி ஒரு காகிதத்தில் எழுதினார், ஆயிரத்து எண்ணூற்று எண்பது. கொஞ்ச நேரம் அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். "கிட்டத்தட்ட விளிம்பு வரைக்கும். கொட்டற மழையில, வழுக்கற கரை மேல, இருநூறு அடி. உங்க கைல குடுக்கற வரைக்கும் சிந்தாம வெச்சிருந்திருக்காரு" என்றார். கொஞ்சம் சிந்தியும் இருக்கலாம், அப்படியானால் பெய்த மழை தொண்ணூற்று நான்கைவிட அதிகம் என்று நான் சொன்னேன். வழக்கம்போல் தேவையில்லாத திருத்தம். ஆனால் அவர் என்னைப் பார்த்து முதல் முறையாகத் தலையை ஆட்டினார். "அதிகமாத்தான் இருக்கும். நீங்க தொண்ணூத்தி நாலுன்னே போடுங்க. லீவுங்கறதை அடிச்சிட்டு நடந்ததை எழுதுங்க. பொண்ணு பொறந்ததையும் எழுதுங்க. அப்பதான் அவர் ஏன் வாயை மூடிட்டு இருந்தாருன்னு படிக்கிறவங்களுக்குப் புரியும்" என்றார். என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அடுத்த பரிசோதனைக்குத் தேதி மட்டும் எழுதிக் கொடுத்தார், ஜனவரி இரண்டு.

நூலகர் பெண், ஆதாரம் இருக்கிறதா சார் என்று கேட்டது. சட்டைப்பை நாட்குறிப்பைக் கொடுத்தேன், அந்தப் பக்கத்தை நகல் எடுத்துச் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுவதாகச் சொல்லியது. பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்களைப் பத்தி ஊர்ல பேசுவாங்களே சார், பரவால்லையா?" என்றது. பேசுவார்கள்தான். கீழ்த்தெருக்காரர்கள் சிலர் வீட்டு வாசலுக்கே வரலாம், அதை நினைத்து வாசல் தாழ்ப்பாளை இப்போதே இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன், நீ அறிந்த அப்பாதானே. சீட்டில் இப்போது இருப்பதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் 17. நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் இந்நாளில் பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் ஏரியின் மதகுக் காவலர் மதகைத் திறந்தார். நகரத்தில் அப்போது வெயில். மலையில் மூன்று மணிக்குள் 94 மில்லிமீட்டர் மழை பெய்திருந்தது. கீழ்த்தெருவில் தண்ணீர் புகுந்தது, ஏரிக்கரை உடையாமல் நின்றது. அந்த மழையைத் தம் வீட்டுத் தூக்குவாளியில் பிடித்து வைத்து மறுநாள் அளக்கக் கொடுத்தவரும் அவரே. மழைமானி எழுத்தராகிய நான் அன்று விடுப்பு எழுதாமல், தொலைபேசி இருந்த அறையைப் பூட்டிச் சாவியோடு நகரத்துக்கு வந்துவிட்டேன். எனக்கு மகள் பிறந்தாள். இதைப் பதிவேட்டில் நான் எழுதவில்லை, விசாரணையிலும் சொல்லவில்லை. அவர் எனக்காகச் சொல்லாமல் இருந்தார்.

இதில் நீ இருக்கிறாய், அதனால் உன்னைக் கேட்காமல் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. உன் பெயர் இல்லை, ஆனாலும் நம் தெருவில் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் உண்டு. சீட்டுப் பதினாறாம் தேதி மாலைக்குள் நூலகத்துக்குப் போக வேண்டும், அதற்கு முன் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது சம்மதம் என்றால் "சரிப்பா" என்று ஒரு வார்த்தை சொல், போதும், மேலே விளக்க வேண்டாம், எனக்கும் பதில் பேச வராது. வேண்டாம் என்றால் அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு மற்றதை ஒட்டச் சொல்வேன், மற்றது எப்படியும் ஒட்டப்படும். இந்த ஒரு விஷயத்தில் அப்பா உறுதியாக இருக்கிறேன் என்பதை நீ ஆச்சரியத்தோடு படிப்பாய் என்று தெரியும்.

உன் பிறந்த நாளுக்கு முன்கூட்டியே எங்கள் ஆசிகள். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நீண்ட ஆயுளோடு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து வேலை செய்யாதே, ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நட, கண்ணாடியின் எண்ணைச் சோதித்து இரண்டு வருடம் ஆகிறது, இந்த மாதமே போய்ப் பார். யாராவது உனக்காக ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டால் அன்றே அவர் பெயரைச் சொல்லிவிடு, நாளைக்கு என்று வைக்காதே. உன் அம்மா இப்போது செடிகளுக்குச் சமையல்கட்டுச் செம்பில் தண்ணீர் ஊற்றுகிறாள். ஒரு செம்புக்கு எவ்வளவு என்று நான் அளக்கவில்லை.

உன் நலம் நாடும்
அப்பா

ஞாபகம் இருக்கட்டும்: ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. தொலைபேசியை அம்மா எடுக்க மாட்டாள், நான் எடுக்கிறேன்.